வீட்டுக்கு வெளியே கழியும் மணிக்கணக்கு

நெடுந்தூர லாரி ஓட்டத்தை விட்டுவிட்டு நாள்தோறும் வீடு திரும்பும் ஓட்டத்துக்கு மாறியவன் நான் என்று தெரிந்ததும், இளம் ஓட்டுநர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு குறைந்தது, அண்ணா?" என்பதுதான். நூறு பங்கு வாங்கிய இடத்தில் 72 பங்கு வாங்குகிறேன் என்று சொல்வேன். அந்த எண்ணைக் கேட்டதும் சிலர் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது உண்மையான எண்தான். ஆனால் அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நானும் பல ஆண்டுகள் எந்த முடிவும் எடுக்க முடியாமல் இருந்தேன் என்பதால், அதற்குப் பின்னால் இருந்த கணக்கை முழுவதுமாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது. ஒரு ட்ரிப் முழுவதும், வீட்டு வாசலை விட்டு இறங்கிய நேரம் முதல் அதே வாசலில் திரும்பி ஏறிய நேரம் வரை, ஒவ்வொரு மணி நேரமும் எதில் கழிந்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன். 13 நாள் ஓட்டம் அது, அதாவது 312 மணி நேரம். அதில் சக்கரம் உருண்ட நேரம் 88 மணி. குடோன் வாசலில் முறைக்குக் காத்திருந்தது, பாரம் ஏற்றியது, இறக்கியது, ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பி வரும்போது ஏற்றிவரும் சரக்கு, கிடைக்கும் வரை வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்திருந்தது எல்லாம் சேர்த்து 49 மணி. மீதி 175 மணி நேரத்தையும் 'ஓய்வு' என்று எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் திரும்பப் படித்தபோது அது எனக்குப் பொருந்தவில்லை. கேபினுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் படுத்துக்கொண்டு, தார்ப்பாய்க் கயிற்றை யாராவது அவிழ்க்கிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு தூங்குவதை ஓய்வு என்று சட்டம் சொல்லலாம், முதலாளியும் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் நான் எங்கும் போக முடியாது, யாரையும் பார்க்க முடியாது, வண்டியையும் சரக்கையும் விட்டு நகர முடியாது. என் நேரம் என்னுடையதாக இல்லை, ஆனால் அதற்குக் கூலியும் இல்லை. நெடுந்தூர ஓட்டத்தில் பெரும்பாலும் கிலோமீட்டருக்கோ ட்ரிப்புக்கோதான் பணம். கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுபவனுக்குச் சக்கரம் நின்றால் கூலியும் நின்றுவிடும்.

இது என் ஒருவனுடைய முறையீடு அல்ல, இந்தத் தொழிலின் அமைப்பே பல நாடுகளில் இப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்று விதித்தபோது, மாநில எல்லை கடந்து சரக்கு ஏற்றிச் செல்லும் கனரக வண்டி ஓட்டுநர்களை அந்த உரிமையிலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதி, சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்து ஓட்டுநருக்குக் கூலி தருவதைத் தடை செய்திருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லாதபோது, அந்த இழப்பை ஓட்டுநர் சாலையில்தான் ஈடுகட்டப் பார்ப்பார், தூக்கத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஈடுகட்டுவார் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே என் சம்பளத்தை ஓட்டிய நேரத்தால் வகுக்காமல் வீட்டுக்கு வெளியே கழிந்த நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். மாதத்துக்கு இப்படி இரண்டு ட்ரிப் என்றால் 624 மணி நேரம் வெளியே இருக்கிறேன், அதற்கு நூறு பங்கு கூலி. நாள் ஓட்ட வேலையில் மாதம் 22 நாள், நாளுக்கு 13 மணி நேரம் என்று வைத்தால் 286 மணி நேரம், அதற்கு 72 பங்கு. வெளியே இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், குறைந்த சம்பளம் என்று நான் ஒதுக்கிய வேலைதான் ஒன்றரை மடங்குக்கும் மேல் தருகிறது. இதைக் கண்டுபிடித்த இரவில், முடிவு கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

மறுநாள் காலையில் என் மனைவி அந்தத் தாளை நிதானமாகப் படித்துவிட்டு, வாடகையும் கடனும் மணிக்கணக்கில் வருவதில்லையே, மாதக்கணக்கில்தானே வருகின்றன என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பது வேலையின் தரத்தைச் சொல்லுமே தவிர, வீடு நடக்குமா என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு கணக்குப் போட வேண்டும் என்று அவள் சொன்னாள், இருவரும் உட்கார்ந்து போட்டோம்.

சாலையில் இருக்கும்போது சாப்பாடு, குளியல், வண்டி நிறுத்துமிடம், கைபேசி என்று நூறில் 12 பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது, வீடு வந்து சேர்வது 88. நாள் ஓட்டத்தில் வேலைக்குப் போய்வரும் செலவு 4 பங்கு, வீடு வந்து சேர்வது 68. ஆக, 28 என்று பயந்துகொண்டிருந்த வித்தியாசம் உண்மையில் 20 தான். இது ஆறுதலாக இருந்தது. அடுத்த வரியில் அந்த ஆறுதலும் போய்விட்டது. கடனைத் தவிர்த்து எங்கள் வீட்டின் மாதச் செலவு 65 பங்கு. நெடுந்தூர ஓட்டத்தில் கையில் நிற்பது 23. நாள் ஓட்டத்தில் நிற்பது 3.

சம்பளம் கால்வாசிதான் குறைகிறது என்று சொல்லிக்கொள்ளும்போது இந்த இடத்தைத்தான் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். செலவு அப்படியே இருக்க, குறைவு முழுவதும் மிச்சத்தின் தலையில்தான் விழும். சம்பளத்தில் கால்வாசிக்கும் சற்று அதிகமாகக் குறைந்தது, சேமிப்பில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கைக் கரைத்துவிடுகிறது. எங்களுக்கு அப்போது இருந்த கடன், மாதம் 23 பங்கு கட்டினால் 14 மாதத்தில் தீரும். மாதம் 3 பங்கு கட்டினால் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும், வட்டி வேறு. அதனால் நான் உடனே மாறவில்லை. 14 மாதம் தொடர்ந்து ஓடினேன். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கடன் கழுத்தை நெரிக்கும்போது வீட்டில் இருப்பது வீட்டில் இருப்பதாகாது, கவலையோடு ஒரே அறையில் இருப்பதாகும்.

ஆனால் அந்த 14 மாதத்துக்கும் அதற்கு முன்பு ஓடிய ஆண்டுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இது முடியும் மாதம் எது என்று எங்களுக்குத் தெரியும். மகள் பிறந்த சமயத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மட்டும் என்று சொல்லித்தான் தொடர்ந்தேன், நிறுத்தியபோது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. சம்பளம் ஏறும்போதெல்லாம் செலவும் கூடவே ஏறியது, ஏறிய செலவு மறுபடியும் என்னைச் சாலைக்கு அனுப்பியது. அந்தச் செலவில் ஒரு பகுதி எதற்குப் போனது என்று எண்ணிப் பார்க்கும்போது இப்போதும் மனம் கனக்கிறது. நான் இல்லாத பிறந்தநாளுக்குப் பெரிய பொம்மை, நான் வராத பள்ளி விழாவுக்குப் புது மிதிவண்டி, மனைவி தனியாகச் சமாளித்த காய்ச்சல் வாரத்துக்குப் பிறகு அவள் கேட்காத ஒரு பொருள். வீட்டில் இல்லாததால் சம்பாதித்த கூடுதல் பணத்தை, வீட்டில் இல்லாத குறையை மறைப்பதற்கே செலவழித்திருக்கிறேன்.

தினமும் கைபேசியில் பேசினேன், முகம் பார்த்தும் பேசினேன். அது பெரிய உதவி என்பதை மறுக்க மாட்டேன். எனக்கு முந்தைய தலைமுறை ஓட்டுநர்களுக்கு அதுகூட இல்லை. ஆனால் கைபேசியில் வீட்டார் சொல்வதெல்லாம் சொல்லத் தகுதியான செய்திகள் மட்டுமே. மதிப்பெண், காய்ச்சல், குழாய் உடைந்தது, உறவினர் வந்தது. வரிசையாகச் சொல்லிவிட்டு, வேறொன்றுமில்லை, சாப்பிட்டீர்களா என்று முடியும். அந்த 'வேறொன்றுமில்லை' என்பதற்குள்தான் ஒரு குழந்தையின் நாள் முழுவதும் இருக்கிறது என்பது, நாள்தோறும் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பென்சில் முனை உடைந்ததைப் பற்றிய நீண்ட புலம்பலையும், யாரோ ஒரு தோழி பேசாமல் போனதைப் பற்றிப் பாதியில் நின்றுபோகும் பேச்சையும் எந்தக் குழந்தையும் அழைப்பு எடுத்துச் சொல்லாது. பக்கத்தில் ஆள் இருந்தால் தானாக வெளியே வரும்.

இப்படிச் சொல்வதால், நாள்தோறும் வீடு திரும்பும் வேலை என்றாலே மாலையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் வேலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 2020-இல் திருத்தப்பட்ட விதி, புறப்பட்ட இடத்திலிருந்து 150 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டருக்குள் ஓட்டி, 14 மணி நேரத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்புபவரைக் குறுந்தூர ஓட்டுநராகக் கொண்டு, விரிவான நேரப் பதிவேட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதற்கு முன்பு இந்த வரம்பு 100 கடல் மைலும் 12 மணி நேரமுமாக இருந்தது. சட்டத்தின் கண்ணுக்கே குறுந்தூர ஓட்டம் என்பது 14 மணி நேர நாளாக இருக்க முடியும். அதற்கு மேல் வீட்டுக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் போய்வரும் நேரத்தைச் சேர்த்தால், 24 மணி நேரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் தூக்கத்துக்கே போய்விடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வீட்டில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இரவு பதினொரு மணி வரை விழித்திருந்துவிட்டு, அதிகாலை மூன்று மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நாள் ஓட்டக்காரர், கேபினில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த நெடுந்தூர ஓட்டக்காரரைவிட ஆபத்தான நிலையில்தான் சாலையில் இருக்கிறார்.

என் வண்டி அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படும். மாலை நான்கு மணிக்கு வீட்டில் இருப்பேன். எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும். எனக்குக் கிடைப்பது இடையில் உள்ள நான்கு மணி நேரம். அதற்குள் உடம்பு வலியும் உண்டு. நெடுந்தூரத்தில் ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்குவோம், இங்கே ஒரே நாளில் பல இடங்களில் நிறுத்தி, குறுகிய சந்துகளில் பின்னோக்கி எடுத்து, சில இடங்களில் நாமே கைபோட்டு இறக்கவும் வேண்டும். முழங்கால் வலி எனக்கு நாள் ஓட்டத்துக்கு வந்த பிறகுதான் தொடங்கியது.

முதல் நான்கு மாதங்கள் வேலையைவிட வீடுதான் கடினமாக இருந்தது. நான் இல்லாமலேயே நன்றாக நடந்துகொண்டிருந்த வீடு அது. எந்தப் பொருள் எங்கே இருக்கும், மகள் எத்தனை மணிக்குப் படிப்பாள், யாருக்கு எப்போது பணம் கொடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது, அந்த ஒழுங்கில் எனக்கு இடம் இல்லை. நான் அதற்குள் நுழைந்து ஒவ்வொன்றையும் திருத்தப் பார்த்தேன். தோழி வீட்டுக்குப் போகலாமா என்று மகள் என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது ஆண்டுகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் அவள்தானே என்பது உறைக்கச் சில வாரங்கள் ஆயின. மாறுகிறவர்கள் இந்த மாதங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். இதைத் தாங்க முடியாமல், வீட்டில் மரியாதை இல்லை என்று சொல்லி மறுபடியும் நெடுந்தூரத்துக்குப் போனவர்களை நான் அறிவேன்.

நாங்கள் போட்ட கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தது. நான்கு மணிக்கு நான் வீட்டில் இருப்பேன் என்பது உறுதியானதும், மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகவே வேலைக்குப் போகாமல் இருந்த என் மனைவி, பிற்பகலில் தொடங்கும் ஒரு பகுதிநேர வேலையைத் தேடிக்கொண்டாள். அதிலிருந்து வருவது 15 பங்கு. 68-உம் 15-உம் சேர்ந்து 83, நெடுந்தூர ஓட்டத்தில் வீடு வந்து சேர்ந்த 88-க்கு அருகில் வந்துவிட்டது. பணத்தைவிட, அவள் தன் பெயரில் ஒரு வேலை வைத்திருக்கிறாள் என்பது எங்கள் வீட்டின் பேச்சையே மாற்றியது. நெடுந்தூர ஓட்டுநரின் கூடுதல் சம்பளத்தில், வீட்டில் இருப்பவர் விட்டுக்கொடுத்த சம்பளமும் அடங்கியிருக்கிறது. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது, ஆனால் பொருந்தும் வீடுகளில் இந்த வரியை எழுதாமல் கணக்கை முடிக்கக் கூடாது.

உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத்துக்கான தேசிய நிறுவனம் 2010-இல் நெடுந்தூர லாரி ஓட்டுநர்களிடம் எடுத்த ஆய்வில் 69 விழுக்காட்டினர் உடற்பருமன் உடையவர்களாகவும் 51 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர்களாகவும் இருந்தார்கள். இரண்டுமே அந்நாட்டின் மற்ற உழைப்பாளர்களைப் போல இரு மடங்குக்கும் மேல். அந்த எண்களுக்குள் நானும் இருந்திருக்கிறேன். நேரம் தவறிய சாப்பாடு, தூக்கத்தை விரட்டப் பிடித்த புகை, நடக்க இடமில்லாத நாட்கள். இதன் விலை சம்பளச் சீட்டில் வராது, பல ஆண்டுகள் கழித்து மருத்துவச் சீட்டில் வரும்.

நெடுந்தூரத்திலேயே இருப்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னோடு ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர் இன்றும் நெடுந்தூரம்தான் ஓட்டுகிறார். தம்பி தங்கைகளின் படிப்பு அவர் தோளில் இருந்தது, அதை முடித்தார். சாலையின் தனிமையும் அவருக்குப் பிடித்திருக்கிறது, அதிகாலையில் மலைச்சரிவில் இறங்கும்போது கிடைக்கும் அமைதியை அவர் வேறெங்கும் தேடவில்லை. திருமணமாகாத இருபத்தைந்து வயதுக்காரர் என்னிடம் கேட்டால், சில ஆண்டுகள் நெடுந்தூரம் ஓடிப் பணம் சேர்த்துக்கொள், ஆனால் செலவை இப்போதைய அளவிலேயே பிடித்து வை என்றுதான் சொல்வேன்.

இரண்டுக்கும் நடுவிலும் வழிகள் உண்டு. இரண்டு ஊர்களிலிருந்து இரு ஓட்டுநர்கள் புறப்பட்டு, பாதி வழியில் சந்தித்து, டிரெய்லர்களை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பும் ரிலே முறையில், சரக்கு நெடுந்தூரம் போகிறது, ஓட்டுநர் அன்றே வீடு திரும்புகிறார். ஓட்டுநர்களின் கூடுதல் நேர வேலைக்கு ஜப்பான் 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று உச்சவரம்பு கொண்டுவந்தபோது, இந்த முறைக்கு அங்கே புதிய தேவை பிறந்தது. அதே சமயம், நேரம் குறைந்தால் வருமானமும் குறையுமே என்ற அச்சமும் அங்கே எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கொண்டுவந்த திருத்தம், நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட்டுநர் தன் வீட்டுக்கோ நிறுவனத்தின் தளத்துக்கோ திரும்ப முடியும்படி வேலையை அமைக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதித்தது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு அனுப்புவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதைப் படித்தபோது நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாற நினைப்பவர்கள், 'தினமும் வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லும் முதலாளியிடம், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். புறப்படும் நேரம் ஒவ்வொரு வாரமும் மாறுமா, இறக்கும் வேலை யாருடையது, காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா என்பவற்றையும் கேளுங்கள். முதலாளி சொல்வதைவிட, அங்கே ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர் நேற்று எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தார் என்பது நம்பத் தகுந்த பதில்.

என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. நான்கு மணிக்கு நான் வரும்போது அவள் பல நாட்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றிய நேரம் இப்போது அவளுக்குத் தேவைப்படவில்லை. இன்னும் நான்கு ஆண்டுகளில் அவளுடைய மேற்படிப்புச் செலவு வரும், எங்கள் மிச்சம் அதற்குப் போதாது. சென்ற மாதம் நானும் மனைவியும் அதே நோட்டை எடுத்து மறுபடியும் கணக்குப் போட்டோம். மகள் கல்லூரிக்குப் போன பிறகு, முழங்கால் இடம் கொடுத்தால், 20 மாதம் நான் மறுபடியும் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கலாம். இந்த முறை முடியும் மாதத்தை என் மனைவிதான் முதலில் எழுதினாள், அதற்குப் பிறகுதான் தொடங்கும் மாதத்தை எழுதினோம்.